இடது மிஷின் பெரியவர்

எங்கள் தியேட்டரில் மூன்று மிஷின் வைத்துப் படம் காட்டிய நாலு வருஷமும் நான் அங்கே சவுண்டு ஆபரேட்டராக இருந்தேன். எல்லாரும் என்னைச் 'சவுண்டு' என்றுதான் கூப்பிடுவார்கள். அதிர்ந்து பேசத் தெரியாத ஆளுக்கு அப்படி ஒரு பெயர். ஆனால் இது என் கதை இல்லை. இடது மிஷின் ஓட்டிய பெரியவரின் கதை. பெரியவர் என்றதும் தலை நரைத்தவர் என்று நினைத்துவிட வேண்டாம். அப்போது அவருக்கு நாற்பத்தாறு வயது. வலது மிஷின் ஓட்டியவர் அவருடைய கூடப்பிறந்த தம்பி. அண்ணன் பெரியவர், தம்பி சின்னவர் என்று மானேஜர் முதல் டிக்கெட் கிழிப்பவர் வரை எங்கள் எல்லாருக்கும் வாயில் ஏறிவிட்டது.

அந்த மூன்று மிஷின் சமாச்சாரத்தைக் கொஞ்சம் சொன்னால்தான் பிறகு நடந்தது விளங்கும். படம் பிடிக்கும்போதே காமிராவில் மூன்று லென்ஸ், மூன்று ஃபிலிம். காட்சியின் இடதுபக்கம் ஒன்றில், நடு ஒன்றில், வலதுபக்கம் ஒன்றில் பதிவாகியிருக்கும். அதைத் திரும்ப ஒன்றாக்கிக் காட்ட, தியேட்டரின் பின்பக்கம் ஒன்றுக்கொன்று தள்ளி மூன்று அறைகள், அறைக்கு ஒரு மிஷின், மிஷினுக்கு ஓர் ஆள். திரை பிறை மாதிரி வளைந்து, முன்வரிசையில் இருப்பவர்களின் காதுவரை வந்துவிடும். கிட்டே போய்ப் பார்த்தால் அது ஒரே துணி இல்லை. ஒல்லியான பட்டைகள் ஆயிரத்துக்குமேல் நெருக்கமாகத் தொங்கும். ஒரே துணியாக இருந்தால் ஒரு கோடியில் விழும் வெளிச்சம் எதிர்க்கோடிக்குத் தெறித்துப் படம் வெளுத்துவிடுமாம்.

இன்னொரு விசித்திரம், இடது அறையின் மிஷின் திரையின் வலதுபக்கத்தைத்தான் காட்டும். வலது அறையின் மிஷின் இடதுபக்கத்தை. திரை வளைந்திருப்பதால் வெளிச்சம் குறுக்காகப் போனால்தான் நேராக விழும். அண்ணனின் வெளிச்சமும் தம்பியின் வெளிச்சமும் ஜனங்களின் தலைக்குமேலே ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகும். பேச்சும் பாட்டும் தனியாக நாலாவது ஃபிலிமில். அது என் பொறுப்பு. கடைசி வரிசைக்குப் பின்னால் எனக்கு ஒரு மேசை. நான் பொத்தானை அழுத்தினால் நாலு மோட்டாரும் ஒரே நேரத்தில் கிளம்ப வேண்டும். ஒன்றில் ஒரு ஃபிரேம் பிசகினாலும் திரையில் நடந்துபோகிறவனின் கால் இங்கேயும் உடம்பு அங்கேயுமாக நிற்கும். ஃபிலிம் அறுந்து நாலு ஃபிரேம் போய்விட்டால், அதே இடத்தில் நாலு கறுப்பு ஃபிரேம் ஒட்டிக் கணக்கைச் சரிசெய்ய வேண்டும். மூன்று படமும் சேருகிற இரண்டு இடத்திலும் கோடு தெரியாமலிருக்க, மிஷினுக்குள் சீப்புப் பல் மாதிரி ஒரு தகடு ஓயாமல் ஆடி ஓரத்தை மங்கலாக்கும். அப்படியும் கோடு தெரியத்தான் செய்யும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய பாடு வெளிச்சம். அப்போதெல்லாம் விளக்கு என்பது இரண்டு கரிக்குச்சிகள் எதிரெதிரே நின்று எரிவதுதான். எரிய எரியக் குச்சி கரையும். மோட்டார் ஒன்று மெல்ல முன்னே தள்ளும் என்றாலும் ஆள் பக்கத்திலேயே இருந்து இடைவெளியைத் திருத்த வேண்டும். கொஞ்சம் அசந்தால் வெளிச்சம் மஞ்சளடிக்கும். ஒற்றை மிஷினாக இருந்தால் யாருக்கும் தெரியாது. இங்கே பக்கத்து வெளிச்சம் வெள்ளையாக இருக்கும்போது ஒன்று மட்டும் மஞ்சளானால், ஒரே வானம் ரெண்டு வீட்டுச் சுவர் மாதிரி ஆகிவிடும். அதனால் நாங்கள் நாலு பேரும் காதில் போன் மாட்டிக்கொண்டிருப்போம். நாலு பேருக்கும் ஒரே லைன். ஒருவர் மூச்சுவிட்டால் மற்ற மூவருக்கும் கேட்கும். லைனில் யாருக்கும் பெயர் கிடையாது. 'இடம்', 'நடு', 'வலம்', 'சவுண்டு', அவ்வளவுதான்.

முதல் இரண்டு வருஷம் நன்றாகவே போயிற்று. சின்னவர் மட்டும் லைனிலும் 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவார். "அண்ணே, கொஞ்சம் மஞ்சளடிக்குது பாரு." "அண்ணே, கோடு ஆடுது." பெரியவர் பெருமையை மறைத்துக்கொண்டு, வேலை நேரத்தில் என்னடா உறவு என்று கடிந்துகொள்வார். பெரியவரின் ஜன்னல் வழியாகத் திரையின் வலதுபக்கம் ஒழுங்காகத் தெரியும், மற்றதெல்லாம் அரைகுறைதான். கதாநாயகி ஒரு மணி நேரம் அழுகிறாள் என்கிறார்கள், எனக்கு அவள் முழங்கை மட்டும்தான் பழக்கம் என்பார். நடு மிஷின்காரர் சிரித்துச் சிரித்து இருமுவார்.

சின்னவருக்கு ஒரே பெண். ஒன்பது வயதில் அவளுக்கு மூன்று தடவை வலிப்பு வந்தது. வைத்தியம் பார்த்துச் சரியாகி, பத்து வருஷம் ஒன்றுமில்லை. பெண் கெட்டிக்காரி. பார்க்க லட்சணமாக இருப்பாள். ஒரு நல்ல இடம் அமைந்து, பேச்சு முடிகிற நேரத்தில் மாப்பிள்ளையின் அப்பா ஒரு நாள் இடைவேளையில் தியேட்டரின் பின்கட்டுக்கு வந்து பெரியவரைப் பார்த்தார். பெண்ணுக்குச் சின்ன வயதில் ஏதோ உடம்புக்கு வந்ததாகக் கேள்விப்பட்டோமே, நிஜமா என்று கேட்டார். நானும் அங்கேதான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். பெரியவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். பிறகு, மூன்று தடவை வலிப்பு வந்தது, அப்புறம் வரவேயில்லை, டாக்டரும் பயமில்லை என்று சொல்லிவிட்டார் என்று உள்ளதை உள்ளபடி சொன்னார். வந்தவர் தலையாட்டிவிட்டுப் போனார். அந்த வாரமே சம்பந்தம் முறிந்தது. விஷயம் பரவி, அதற்குப் பிறகு எந்த இடமும் படியேறவில்லை.

சம்பந்தம் முறிந்த மறுநாள் சின்னவர் வேலைக்கு வந்ததும் நேரே இடது அறைக்குப் போனார். சத்தமெல்லாம் போடவில்லை.

"இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்ல உனக்கு வாய் வரலையா?"

"கேட்டாங்க. எப்படிரா இல்லைன்னு சொல்றது?"

"சரி" என்று திரும்பிவந்தார். அன்றிலிருந்து அண்ணனோடு பேச்சை விட்டார். அடுத்தடுத்த தெருவில்தான் இரண்டு வீடும். வழியில் பார்த்தால் ஒருவர் எதிர்ச்சாரிக்குப் போவார். ஆனால் வேலை விடுமா? தினமும் மூன்று காட்சி, காதில் ஒருவர் குரல் ஒருவருக்குக் கேட்டுத்தான் ஆக வேண்டும். "இடம், மஞ்சள்." "வலம், கோடு ஆடுது." "இடம், சரி." இரண்டு வருஷம் இதுதான் அவர்களுக்குள் நடந்த பேச்சு. தம்பியிடம் போய் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று நான் பெரியவரிடம் பலமுறை சொன்னேன். செய்தது தப்பென்று தனக்குத் தோன்றவில்லை, தோன்றாததைப் போய் எப்படிச் சொல்வது என்பார். அவனாக ஒரு தரம் அண்ணே என்று கூப்பிடட்டும், ஓடிப்போய்க் காலில் வேண்டுமானாலும் விழுகிறேன் என்றும் சொல்வார். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வார். நிஜமாகவே அவர் அதற்காகக் காத்திருந்தார். காட்சி தொடங்குமுன் போனை மாட்டும்போது அவர் முகத்தைப் பார்த்தால் தெரியும்.

அது ஒரு மத்தியானக் காட்சி. கூட்டம் பாதிதான். இடைவேளை முடிந்து இருபது நிமிஷம் ஆகியிருக்கும். திரையில் ஒரு படகு ஆற்றோடு போய்க்கொண்டிருந்தது. லைனில் "அண்ணே" என்று ஒரு குரல் கேட்டது.

ஒரே ஒரு தடவை. உரக்கவும் இல்லை, ரகசியமாகவும் இல்லை. அந்த லைனில் அப்படிக் கூப்பிட ஒருவர்தான், அப்படிக் கூப்பிடப்பட ஒருவர்தான். நடு மிஷின்காரர் இருமலை அடக்குவது கேட்டது. பெரியவர் மூச்சை இழுப்பதும் கேட்டது. இரண்டு வருஷத்துக்குப் பிறகு அண்ணனும் தம்பியும் பேசப்போகிறார்கள், அதை மூன்றாம் மனுஷன் உட்கார்ந்து கேட்பது மரியாதை இல்லை என்று தோன்றியது. நான் போனைக் கழற்றி மேசைமேல் வைத்தேன். நடு மிஷின்காரரும் அப்படியே செய்ததாகப் பிறகு சொன்னார்.

எட்டு ஒன்பது நிமிஷம் போயிருக்கும். திரையின் இடதுகோடி லேசாக மஞ்சளானது. கரையில் இருந்த மரங்களெல்லாம் காய்ந்த மாதிரி ஆயிற்று. பேச்சு சுவாரஸ்யத்தில் சின்னவர் குச்சியைக் கவனிக்கவில்லை என்று நினைத்துப் போனை மாட்டினேன்.

"வலம், வெளிச்சம் பாருங்க."

பதில் இல்லை. இன்னொரு தடவை சொன்னேன். இடது அறையிலிருந்து பெரியவரின் குரல் வந்தது.

"கோவிச்சுக்கிட்டான் போல. அவன் கூப்பிட்டான், நான் பதில் சொல்லலை."

"ஏன்?"

"இன்னொரு தடவை கூப்பிடட்டும்னு இருந்தேன்."

அவர் சொல்லி முடிப்பதற்குள் மஞ்சள் பழுப்பாகி, திரையில் மூன்றில் ஒரு பங்கு இருண்டது. படகு நடுவிலிருந்து நகர்ந்து அந்த இருட்டுக்குள் போயிற்று. ஜனங்கள் விசிலடித்தார்கள். நான் ஓடினேன்.

வலது அறையின் கதவு சாத்தியிருந்தது, தாழ் போடவில்லை. சின்னவர் ஸ்டூலுக்கும் சுவருக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்திருந்தார். சட்டை வேர்வையில் ஒட்டிக்கொண்டிருந்தது. போன் காதிலேயே இருந்தது. குச்சிகள் கரைந்து விளக்கு அணைந்திருந்தது. மிஷின் மட்டும் வெளிச்சமில்லாமல் ஃபிலிமை இழுத்துக்கொண்டு ஓடியது. மோட்டார்கள் ஒன்றோடொன்று கட்டுப்பட்டவை, நாங்கள் நிறுத்தாமல் அது நிற்காது. மூக்கருகே விரல் வைத்தேன், மூச்சு இருப்பது மாதிரிதான் இருந்தது.

நடு மிஷின்காரர் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுத் தடங்கல் ரீலைப் போட்டார். எங்காவது கோளாறு வந்தால் ஜனங்களைப் பிடித்து உட்காரவைக்க அப்படி ஒரு சின்ன ரீல் இருந்தது. நன்றாக உடுத்திய ஒருவர் வந்து, சிரித்த முகமாக, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், இதோ படம் தொடரும் என்பார். அவர் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் நாங்கள் சின்னவரைத் தூக்கிக்கொண்டு பின்வரிசை வழியாகப் போனோம். கால்பக்கம் நான், தலைப்பக்கம் பெரியவர். மானேஜரின் காரில் தம்பியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு பெரியவர், "கேட்டுச்சுடா, எனக்குக் கேட்டுச்சு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது மூச்சு இல்லை.

மாரடைப்பு என்றார் டாக்டர். பத்து நிமிஷம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று பெரியவர் கேட்டார். டாக்டர் வயசானவர், நல்ல மனுஷர். வலி எப்போது ஆரம்பித்தது என்று தெரியாமல் எதையும் சொல்ல முடியாது, பிழைத்தும் இருக்கலாம், பிழைக்காமலும் போயிருக்கலாம் என்றார். இல்லை, எப்படியும் பிழைத்திருக்க மாட்டார் என்று அவர் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் எனக்கு அந்த டாக்டர் மேல் ஒரு கோபம் உண்டு.

வீட்டில் சின்னவரின் மனைவி அழவில்லை. பிரமை பிடித்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். பெரியவர் உள்ளே வந்ததும் நிமிர்ந்து பார்த்தார். இரண்டு வருஷத்தில் அவர் அந்த வீட்டுக்குள் வந்தது அன்றைக்குத்தான்.

"கடைசியா ஏதாவது சொன்னாரா?"

"அண்ணேன்னு கூப்பிட்டான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

நான் பெரியவருக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன். ஏதாவது சொல்லுங்கள் பெரியவரே என்று மனசுக்குள் கும்பிட்டேன். 'என்னடா தம்பி' என்று கேட்டேன் என்று ஒரு வார்த்தை போதும். யாருக்குத் தெரியப்போகிறது?

"ஒண்ணும் சொல்லலை" என்றார் பெரியவர்.

அந்த அம்மா அதற்குமேல் கேட்கவில்லை. எழுந்து உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சின்னவரின் உடலை எடுத்துப்போகும் வரைக்கும் பெரியவரை வாசலில் நிற்கவிட்டார்கள். பிறகு அந்த வீட்டில் அவரை யாரும் கூப்பிடவில்லை.

அடுத்த வருஷம் மூன்று மிஷின் முறையே போய்விட்டது. கட்டுப்படியாகவில்லை, புதுப் படங்களும் வரவில்லை. அதற்குள் சினிமாஸ்கோப் வந்துவிட்டது. அதில் வித்தை எல்லாம் லென்ஸில். எடுக்கும்போது ஒரு லென்ஸ் அகலக் காட்சியைப் பாதியாக நெருக்கி ஒரே ஃபிலிமில் அடைத்துவிடும். காட்டும்போது இன்னொரு லென்ஸ் அதை விரித்துவிடும். ஃபிலிமைக் கையில் எடுத்துப் பார்த்தால் மனுஷர்களெல்லாம் ஒட்டடைக்குச்சி மாதிரி ஒல்லியாக நீண்டிருப்பார்கள். ஆரம்ப காலப் படங்களில் முகத்தைக் கிட்டே காட்டினால் சரியாக விரியாமல் எல்லாருக்கும் பொன்னுக்கு வீங்கி வந்த மாதிரி கன்னம் உப்பும். ஒரு மிஷின், ஓர் அறை, கோடு கிடையாது. பக்கத்து அறை இரண்டையும் பூட்டிப் பழைய நாற்காலிகளைப் போட்டார்கள். பெரியவரை வேலையில் வைத்துக்கொண்டார்கள். இப்போது அவருக்கு முழுப் படமும் தெரிந்தது. ஆனால் அவர் ஜன்னல் பக்கமே போகாமல் குச்சியை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். படம் ஃபோகஸ் தவறினால் நான் போய்த் தோளைத் தொட்டுச் சொல்ல வேண்டும்.

அப்போதுதான் அவர் என்னைக் கேட்க ஆரம்பித்தார்.

"சவுண்டு, உங்களுக்குக் காது கூர்மை. அன்னைக்கு அவன் குரல் எப்படி இருந்துச்சு? வலியில கூப்பிட்ட மாதிரியா, சும்மா கூப்பிட்ட மாதிரியா?"

சும்மா கூப்பிட்ட மாதிரிதான் என்று சொன்னேன். அப்படிச் சொன்னால் மனசு ஆறும் என்று நினைத்தேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்படியென்றால் சமாதானமாகத்தான் கூப்பிட்டிருக்கிறான், கூப்பிட்டுப் பார்த்துவிட்டு நான் பேசவில்லையே என்ற வருத்தத்தோடு போய்விட்டான் என்றார். ஒரு மாதம் கழித்து மறுபடி கேட்டார். இந்தத் தடவை, வலியில் கூப்பிட்ட மாதிரிதான் இருந்தது, பேசுவதற்குள் மயங்கியிருப்பார், உங்கள் பதிலை எதிர்பார்த்திருக்க நேரமே இருந்திருக்காது என்றேன். அவர் என்னை உற்றுப் பார்த்தார்.

"போன தடவை வேற மாதிரி சொன்னீங்க."

வலியில் கூப்பிட்டிருந்தால், உதவி கேட்ட தம்பியைச் சாகவிட்ட மாதிரி. சும்மா கூப்பிட்டிருந்தால், சமாதானத்துக்கு வந்தவனைத் திருப்பி அனுப்பிய மாதிரி. எந்தப் பதிலைச் சொன்னாலும் அவருக்கு அது நெருப்புதான். உண்மையில் எனக்கும் தெரியாது. அந்த ஒரு வார்த்தையை எத்தனையோ தடவை மனசில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரிக் கேட்கிறது. நான் போனைக் கழற்றாமல் இருந்திருந்தால், 'வலம், என்ன?' என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பேன். அதைப் பற்றிப் பெரியவர் ஒருநாளும் என்னைக் குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

சின்னவரின் மகள் ஒரு தையல் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். மாதம் ஒரு தடவை பெரியவர் அவர்கள் தெருவுக்குப் போய் வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருவார். கதவு திறக்காது. ஐந்தாறு வருஷம் இப்படிப் போன பிறகு ஒருநாள் அந்தப் பெண் தியேட்டருக்கே வந்தாள். நானும் அவரும் பின்கட்டில் இருந்தோம்.

"பெரியப்பா, இனிமே வீட்டுப் பக்கம் வராதீங்க. நீங்க வந்துட்டுப் போனா அம்மா ரெண்டு நாள் சாப்பிடறதில்லை."

சரிம்மா என்றார். அவள் போகாமல் நின்றாள்.

"அன்னைக்குக் காலையில நான்தான் அப்பாகிட்ட சொன்னேன். பெரியப்பா பொய் சொல்லலையே, அது ஒரு குத்தமாப்பா, போய்ப் பேசுங்கன்னு. பார்க்கலாம்னு சொல்லிட்டுத்தான் வேலைக்குக் கிளம்பினார்."

பெரியவர் கைகூப்பினார். பெற்ற பெண் மாதிரி வளர்த்தவளைப் பார்த்து அவர் கைகூப்பியது எனக்குப் பொறுக்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் கோபத்தில் சொல்லவில்லை. தன்மேல் அவளுக்கு வருத்தமில்லை என்று பெரியப்பாவுக்குத் தெரியட்டும் என்றுதான் சொன்னாள் என்று நினைக்கிறேன். ஆனால் அவருக்கு மிச்சமிருந்த சந்தேகமும் அன்றோடு போயிற்று. அதற்குப் பிறகு அவர் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. அந்தத் தெருவுக்கும் போகவில்லை.

வேலையில் கவனம் குறைந்துகொண்டே வந்தது. ஒரு நாள் விரித்துக்காட்டும் லென்ஸை மாட்டாமலேயே படத்தை ஓட்டிவிட்டார். திரையில் எல்லாரும் ஒல்லிக்குச்சியாக நின்று பேசிக்கொண்டிருந்தார்கள், ஜனங்கள் சிரித்துக் கூச்சலிட்டார்கள், அவர் அசையவேயில்லை. மானேஜர் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். பாவம், மானேஜரும் எவ்வளவு நாள்தான் பொறுப்பார்.

முதலில் வாரத்துக்கு ஒரு தடவை போய்ப் பார்த்தேன். ஜன்னலோரமாக ஒரு கட்டிலில் படுத்திருப்பார். அவருடைய மனைவி, சவுண்டு வந்திருக்கிறார் பாருங்கள் என்று எழுப்பி உட்காரவைப்பார். நான் மழையைப் பற்றியும் புதுப்படத்தைப் பற்றியும் ஏதாவது சொல்வேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் பேசி முடித்ததும் பார்வையை எடுத்துக்கொள்வார். கொஞ்ச நாளில் நான் வாரத்தை மாதமாக்கினேன். ஒருநாள் போனபோது, இப்போதுதான் தூங்கினார், எழுப்பட்டுமா என்று அந்த அம்மா கேட்டார். வேண்டாம், தூங்கட்டும் என்று வாசலோடு திரும்பினேன். தெருமுனை வரும்போது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. பிறகு நான் போகவில்லை.

அவர் இறந்துபோன செய்தி பதினோரு நாள் கழித்து, பஸ்ஸில் பார்த்த நடு மிஷின்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. யாரெல்லாம் வந்திருந்தார்கள் என்று கேட்டேன். ஏழெட்டுப் பேர், தம்பி வீட்டிலிருந்து யாரும் இல்லை என்றார். அவர் இறங்க வேண்டிய இடம் வந்தது, இறங்கிப் போனார்.